உங்கள் பெயர் போட்ட சீட்டு

நமக்குள் நாலு வார்த்தை

உங்களிடம் இட்லி மாவு வாங்குகிறவர்கள், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள், டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், தங்கள் செல்போனில் உங்களை என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள், தெரியுமா? ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். ‘மாவு’, ‘மாவு அக்கா’, ‘டெய்லர் கோடி வீடு’, ‘முறுக்கு’, ‘பாபு அம்மா’ என்றுதான் இருக்கும். நம் அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நம் பெயரை யார் சொன்னார்கள்? நாமே சொல்லவில்லையே! ஆண்கள் சட்டைப் பையிலிருந்து சட்டென்று விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுகிறார்கள். நாம், “ஒரு மிஸ்டு கால் குடுங்க, வந்துடும்” என்கிறோம். வந்துவிடுகிறது; ஆனால் பெயரில்லாமல் வெறும் நம்பராக வருகிறது. நாலு நாள் கழித்து அது யாருடைய நம்பர் என்று அவர்களுக்கும் தெரியாது.

அதனால்தான் இந்தத் தடவை டிஜிட்டல் விசிட்டிங் கார்டு பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். “அதெல்லாம் கம்பெனி மானேஜர்களுக்கு” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு பைசா செலவில்லாமல், கையிலிருக்கிற ஸ்மார்ட்போனிலேயே, அடுப்பில் சாம்பார் கொதிக்கிற நேரத்தில் செய்து முடிக்கிற காரியம் இது.

யார் பெயர்? யார் நம்பர்?

எங்கள் புவனகிரி பெரிய பட்டணம் இல்லை. வெள்ளாற்றங்கரை ஊர். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கால் மணி, இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம். ராகவேந்திரர் அவதரித்த தலம் என்று வியாழக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து போவார்கள். வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்கிற பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

எங்கள் தெருவில் கைக்குழந்தைக்காரி ஒரு பெண் இருக்கிறாள். கேழ்வரகு, பயறு, கோதுமை எல்லாவற்றையும் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைத்துச் சத்துமாவு போட்டு விற்கிறாள். மாவு அவ்வளவு சுத்தம், அவ்வளவு மணம். பாக்கெட்டில் ஒட்டுகிற லேபிளில் மட்டும் கணவர் பெயர், கணவர் நம்பர். கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். இங்கே ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் அந்த சிம் நின்றுபோயிற்று. சிதம்பரத்திலும் கடலூரிலும் வாங்கினவர்கள் திரும்பக் கூப்பிட்டால், ‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று வந்தது. நல்ல மாவுதான். கேட்டு வாங்கத்தான் வழியில்லை.

“நீ ஏம்மா உன் பேரு, உன் நம்பரு போடல?” என்று கேட்டேன்.

“எங்க அத்தை வேணாம்னாங்க அக்கா. பொம்பள நம்பரு ஊரெல்லாம் சுத்தினா கண்டவனும் போன் பண்ணுவான்னு பயப்படுறாங்க.”

அந்த அம்மாள் பக்கத்திலேயே முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். “நான் சொன்னதுல தப்பு இருக்கா, சொல்லும்மா” என்றார்.

“தப்பே இல்லைங்கம்மா” என்றேன். உண்மையிலேயே தப்பில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, ‘சும்மாதான் பேசினேன்’ என்று கூப்பிடுகிற பேர்வழிகளை நமக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பயத்துக்காகப் பெண் தன் பெயரையே எடுத்துவிட்டால், அவள் உழைப்பும் அவள் பேரில் நிற்காமல் போகிறது. வாடிக்கைக்காரர்கள் என்பது ஒரு சொத்து. அந்தச் சொத்து எந்த நம்பரைத் தேடி வருகிறதோ, அந்த நம்பர்க்காரருடையது. ஊருக்குத் தெரிய வேண்டியது எது, தெரிய வேண்டாதது எது என்று நாமே பிரித்து வைத்தால், மாமியார் பயத்துக்கும் வழி உண்டு, மாவும் விற்கும். எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் முன், இந்தச் சீட்டு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத சீட்டு

செல்போனிலிருந்து செல்போனுக்குப் போகிற விலாசச் சீட்டுக்கு ‘வி-கார்டு’ என்று பெயர். 1995-ல் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நாலு கம்பெனிகள் சேர்ந்து ஏற்படுத்திய முறை இது. அதற்கு முன் ஒரு கம்பெனி இயந்திரத்தில் எழுதிய விலாசத்தை இன்னொரு கம்பெனி இயந்திரம் படிக்கத் திணறும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே மாதிரி எழுதுவோம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தபாலாபீஸ் கவரில் இடது பக்கம் அனுப்புநர், வலது பக்கம் பெறுநர் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறோமே, அது போலத்தான். இது பெயர், இது நம்பர், இது ஊர் என்று வரிவரியாக எழுதின ஒரு சின்னக் கடிதம். அதனால்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் ஐபோனிலிருந்து அனுப்பினாலும் நம் பழைய ஆண்ட்ராய்டு போன் அதைப் படித்துவிடுகிறது.

அந்தக் கடிதத்தையே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்களாக வரைந்தால் அது க்யூஆர் கோடு. இது நமக்குப் புதிதே இல்லை. 2017-லிருந்து கொடுத்த ஸ்மார்ட் ரேஷன் கார்டிலும் இருக்கிறது. காய்கறி வண்டிக்காரர் தராசுப் பக்கத்திலும் தொங்குகிறது. 1994-ல் ஜப்பானில் டென்ஸோ என்ற கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், மஸாஹிரோ ஹாரா என்பவர் உருவாக்கினார். சாமான்கள் மேல் ஒட்டிய பழைய கோட்டு முத்திரையில் கொஞ்சம் எழுத்துகள்தான் அடங்கும். ஒரு பெட்டிக்குப் பல முத்திரைகளைத் திரும்பத் திரும்பப் படித்து வேலையாட்கள் சலித்துப்போனார்களாம். ‘கோ’ என்கிற கட்டத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய் வைக்கும் ஆட்டத்தைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. காப்புரிமை இருந்தும், உலகமே உபயோகிக்கட்டும் என்று கம்பெனி அதைக் கட்டணமில்லாமல் விட்டுவிட்டது.

நம் புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி அழிந்தாலும் கோலம் இன்னதென்று தெரிகிறதல்லவா? இதிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வரையும் விதத்தைப் பொறுத்து 7 சதவிகிதத்திலிருந்து 30 சதவிகிதம் வரை அழிந்து போனாலும் மிச்சத்தை வைத்துப் படித்துவிடும். எண்ணெய்க் கை பட்டாலும், மஞ்சள் கறை விழுந்தாலும் முக்கால்வாசி சமயம் வேலை செய்வது இதனால்தான். ஆனால் மூன்று மூலையில் இருக்கிற பெரிய சதுரங்கள் மட்டும் மறையக் கூடாது. கேமரா முதலில் தேடுவது அவற்றைத்தான்.

செய்முறை

சமையல் குறிப்பு மாதிரியே வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் போனைக் கீழே வையுங்கள். ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: உங்கள் பெயர், செய்கிற தொழில், ஊர், நம்பர், கூப்பிட ஏற்ற நேரம். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். விஷயம் கூடக் கூடக் கட்டங்கள் பொடிப்பொடியாகிவிடும். சுமாரான கேமராவால் படிக்க முடியாது.

2. போனில் நம்பர்கள் சேமித்து வைக்கிற ‘காண்டாக்ட்ஸ்’ அல்லது ‘தொடர்புகள்’ என்ற இடத்தைத் திறந்து, கூட்டல் குறியைத் தொடுங்கள். மற்றவர்கள் நம்பரைப் பதிவதுபோலவே உங்களை நீங்களே பதிந்துகொள்ளப் போகிறீர்கள்.

3. பெயர்க் கட்டத்தில் பெயரோடு தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ‘மீனாட்சி சத்துமாவு புவனகிரி’ என்பது போல. (பெயர் உதாரணத்துக்குத்தான்!) ஆயிரம் பெயர் வைத்திருக்கிறவர் ஆறு மாதம் கழித்துத் தேடும்போது உங்கள் பெயர் மறந்திருக்கும். ‘மாவு’ என்றோ ‘புவனகிரி’ என்றோ தேடினால் நீங்கள் வந்து நிற்க வேண்டும். கூடவே உங்கள் பெயரும் வந்து நிற்கும். ‘கம்பெனி’ என்ற கட்டத்தில் அதையே இங்கிலீஷ் எழுத்திலும் அடித்துவிடுங்கள். தமிழில் அடிக்கத் தெரியாதவர்களே அதிகம்.

4. நம்பருக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு 91 சேர்த்து எழுதுங்கள். நம் பக்கத்துக்காரர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அங்கிருந்து, “அம்மாவுக்கு ரெண்டு கிலோ குடுத்துடுங்க” என்று கூப்பிடுகிறவர்களுக்கு 91 இல்லாத நம்பர் போய்ச் சேராது.

5. விலாசத்தில் ‘கடலூர் மாவட்டம், 608601’ என்று மாவட்டமும் பின்கோடும் போடுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப அவசியம். தெலங்கானாவிலும் ஒரு புவனகிரி உண்டு. 2016-ல் அங்கே ஒரு மாவட்டமே அந்தப் பெயரோடு அமைந்துவிட்டது. பின்கோடு இல்லாவிட்டால் பார்சல் எந்தப் புவனகிரிக்குப் போகுமோ! உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பெயர் ராசி இருக்கிறதா என்று பாருங்கள்.

6. ‘காலை 10 முதல் மாலை 6 வரை’ என்று நேரத்தையும் பெயருக்குப் பக்கத்திலோ கம்பெனிக் கட்டத்திலோ எழுதலாம். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். சில போன்கள் அதை மட்டும் அனுப்பாமல் விட்டுவிடும். முக்கியமானதை அங்கே எழுதாதீர்கள்.

7. சேமித்துவிட்டு, அதையே திறந்து ‘ஷேர்’ அல்லது ‘பகிர்’ என்பதைத் தொடுங்கள். வாட்ஸ்அப், ப்ளூடூத், மெஸேஜ் என்று வழிகள் வரும். எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம். நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் அதே இடத்தில் க்யூஆர் கோடும் இருக்கும். எதிரில் நிற்கிறவரிடம் அதைக் காட்டினால், அவர் கேமராவை நீட்டியதும் உங்கள் பெயர் அவர் போனில் எழுந்து நிற்கும். புது ஐபோன் வைத்திருக்கிறவர்கள் இரண்டு போனையும் தலையோடு தலை ஒட்டினாலே சீட்டு மாறிவிடும். 2023-ல் வந்த வசதி அது.

வாட்ஸ்அப் மட்டுமே பழக்கம் என்கிறவர்களும் கவலைப்பட வேண்டாம். செய்தி எழுதுகிற இடத்தில் இணைப்புக் குறியைத் தொட்டு, ‘காண்டாக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரையே அனுப்பலாம். அனுப்பும் முன் எந்தெந்த வரி போக வேண்டும் என்று டிக் குறி காட்டும். வேண்டாத வரியில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

சீட்டை அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். “சேவ் பண்ணிக்கிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பல பேருக்கு அனுப்புகிற ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் இருக்கிறதே, அது உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ‘தீபாவளி பட்சணம் ஆர்டர் எடுக்கிறேன்’ என்று நூறு பேருக்கு அனுப்பி, பத்துப் பேரிடமிருந்துதான் பதில் வந்தது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

திண்ணை வரை

பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், சமையல்கட்டு என்று வரிசையாக இருக்கும். வழிப்போக்கர் யார் வந்தாலும் திண்ணையில் உட்காரலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் ரேழி வரை. உறவுக்காரர்கள் கூடம் வரை. சமையல்கட்டு வரை வருகிற உரிமை ரொம்ப நெருங்கினவர்களுக்குத்தான். நம் சீட்டையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். சீட்டில் எழுதுவதெல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். ஒருவரிடம் கொடுத்த சீட்டை அவர் நூறு பேருக்கு அனுப்பலாம். திரும்பக் கேட்டு வாங்க முடியாது.

திண்ணைக்கு வரலாம் என்பவை: உங்கள் பெயர், தொழில், ஊர், தொழிலுக்கான நம்பர், நேரம். உணவுப் பண்டம் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்ட 14 இலக்க எண்ணையும் சேர்த்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை கூடும்.

வரவே கூடாதவை: பிறந்த தேதி, ஆதார், பான் எண், பிள்ளைகள் படம், படிக்கிற பள்ளிக்கூடம், வீட்டில் ஆண் துணை இல்லை என்று காட்டுகிற எந்தச் சேதியும். வீட்டுக் கதவிலக்கம்கூடச் சீட்டில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆர்டர் உறுதியான பின் அவரவருக்குத் தனியாகச் சொன்னால் போதும். அடையாளத்துக்குக் கோயில், பஸ் நிறுத்தம் சொல்லலாம். சீட்டில் உங்கள் முகம் போட இஷ்டமில்லையென்றால் தைத்த ரவிக்கையின் படம், மாவுப் பாக்கெட்டின் படம் போடுங்கள். முகம் போடுவதும் தப்பில்லை. அது உங்கள் இஷ்டம். மற்றவர் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

நம்பர் விஷயத்தில் முடிந்தால் தொழிலுக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய போன்கள் பெரும்பாலும் இரண்டு சிம் போடுகிற வகைதான். மாதாமாதம் இரண்டு ரீசார்ஜ் செலவு கையைக் கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவையும் அரிசி, எண்ணெய் மாதிரி சரக்கு விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தனி நம்பரில் 2018-ல் வந்த ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ வைத்துக்கொண்டால், சாதாரண வாட்ஸ்அப்பும் அதுவும் ஒரே போனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடை நேரம், சாமான் படம், விலை எல்லாம் அதில் போட்டு வைக்கலாம், காசு இல்லை. ராத்திரி ஆனதும் தொழில் சிம்மை அணைத்துவிட்டால், ஊர் வாய் மூடாவிட்டாலும் அந்த நம்பருக்கு வருகிற சாதாரண அழைப்புகள் வாய் மூடிவிடும்!

எந்த நம்பராக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் உங்கள் முகப்புப் படத்தையும் ‘ஸ்டேட்டஸ்’ படங்களையும் ‘என் தொடர்புகள் மட்டும்’ பார்க்கும்படி மாற்றி வையுங்கள். வரம்பு மீறிப் பேசுகிறவனோடு வாக்குவாதம் வேண்டாம். பேசினதை, அனுப்பினதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, நம்பரைத் தடை செய்யுங்கள். தொல்லை தொடர்ந்தால் பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

சத்துமாவுப் பெண்ணும் இப்படித்தான் செய்தாள். காகிதத்தில் எழுதி முதலில் மாமியாரிடம் படித்துக் காட்டினாள். தெருப் பெயர் இல்லை, படம் இல்லை, நம்பரும் புது நம்பர். அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, “சாயந்தரம் ஆறு மணிக்கு மேல கூப்பிடக் கூடாதுன்னும் எழுது” என்றார். எழுதினாள். மாமியார் சம்மதத்தோடு மருமகள் பெயர் லேபிளில் ஏறியது.

சொந்த வீடா, வாடகை வீடா?

லேபிளிலும் காகிதக் கார்டிலும் அச்சடிக்க க்யூஆர் கோடு செய்து தருகிற ஆப்கள் நிறைய இருக்கின்றன. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோடில் இரண்டு வகை உண்டு.

ஒன்றில் உங்கள் பெயரும் நம்பரும் கட்டங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். யாருடைய தயவும் வேண்டாம். எத்தனை வருஷமானாலும் வேலை செய்யும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இதைச் சொந்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் உங்கள் விவரம் கட்டத்தில் இருக்காது. ஒரு கம்பெனியின் இணைய விலாசம்தான் இருக்கும்; உங்கள் விவரம் அந்தக் கம்பெனியிடம் இருக்கும். இது வாடகை வீடு. நம்பர் மாறினால் அச்சடித்ததை மாற்றாமலே உள்ளே திருத்திக்கொள்ளலாம் என்பது இதில் சௌகரியம். ஆனால் சில இடங்களில் கொஞ்ச நாள் இலவசமாக விட்டுவிட்டுப் பிறகு பணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் கோடு செத்துப்போகும். ஐந்நூறு லேபிள் அடித்துவிட்டு அப்படி ஆனால் என்ன செய்வது?

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. உங்கள் போனில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுக் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். பெயரும் நம்பரும் உடனே தெரிந்தால் சொந்த வீடு. இணைய விலாசம் மட்டும் தெரிந்து பக்கம் திறக்காமல் நின்றால் வாடகை வீடு. சின்ன அளவில் தொழில் செய்கிற நமக்குச் சொந்த வீடே போதும்.

அச்சடிக்கும்போது கோடு ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புதான் நல்லது. அழகுக்காகச் சிவப்பில் மாவிலைத் தோரணம், நடுவில் கோடு என்று பிரஸ்காரர் ஆசை காட்டுவார். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை ஓரம் விட்டால்தான் கேமராவுக்குக் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியும். ஒன்றே ஒன்று அச்சடித்து, தெருவில் இருப்பதிலேயே பழைய போனை வாங்கி ஸ்கேன் செய்து பாருங்கள். அதில் வந்தால் எதிலும் வரும்.

பணக் கோடு வேறு

2016-ல் யுபிஐ வந்த பிறகு பணம் வாங்குகிற க்யூஆர் கோடும் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. விலாசக் கோடும் பணக் கோடும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாதீர்கள். ‘நம்பர் சேமிக்க’ என்றும் ‘பணம் செலுத்த’ என்றும் கீழே பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். பணக் கோடில் உங்கள் சொந்த நம்பரே யுபிஐ விலாசமாக இருக்கலாம். நம்பர் வராத வேறு யுபிஐ விலாசத்தை வைத்துக்கொள்ளப் பல ஆப்களிலும் இடமுண்டு. திண்ணைக் கணக்கை இங்கேயும் மறக்கக் கூடாது.

நம்பர் பலபேர் கைக்குப் போகும்போது ஏமாற்றுக்காரர் கைக்கும் போகும். பெரிய ஆர்டர் கொடுக்கிறேன் என்று நைச்சியமாகப் பேசுவான். “அட்வான்ஸ் அனுப்பறேன், நான் அனுப்புற கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்” என்பான். சகோதரிகளே, இதை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி வையுங்கள்: பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பர் போட வேண்டியதும் இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். அப்படி யாருக்காவது பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

உடம்புக்கும் ஒரு சீட்டு

தொழிலே செய்யாத சகோதரிகளுக்கும் இதில் ஒரு பலன் உண்டு. ஸ்மார்ட்போன்களில் ‘அவசரத் தகவல்’ என்று ஓர் இடம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘செட்டிங்ஸ்’ உள்ளே பாதுகாப்பு, அவசரம் என்ற பகுதியிலும், ஐபோனில் ‘ஹெல்த்’ ஆப்பிலும் தேடுங்கள். உங்கள் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் சாப்பிடுகிற மாத்திரை, முதலில் கூப்பிட வேண்டிய இரண்டு பேர் நம்பர் ஆகியவற்றை அதில் எழுதி, பூட்டிய திரையிலும் தெரியும்படி வைக்கலாம். வழியில் மயங்கி விழுந்தால் 108 ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் பூட்டைத் திறக்காமலே பார்க்க முடியும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிற மாமியார் மாமனார் போனிலும், கர்ப்பமாக இருக்கிற பெண்கள் போனிலும் இன்றைக்கே செய்து வையுங்கள். வியாபாரச் சீட்டில் வரக் கூடாத விஷயங்கள் இவை; உயிர் காக்கிற சீட்டில் வந்தே ஆக வேண்டும்.

அதே கையோடு, குழந்தை டாக்டர், மருந்துக் கடை, பள்ளி வேன் டிரைவர் நம்பர்களையும் பெயரும் தொழிலும் சேர்த்துப் பதிந்து, வீட்டில் எல்லோர் போனுக்கும் சீட்டாக அனுப்பிவிடுங்கள். நாம் ஊருக்குப் போயிருக்கும்போது, “டாக்டர் நம்பர் எங்க இருக்கு?” என்று வீட்டுக்காரர் தவிக்க வேண்டாம்.

ஒரே ஒரு நாள் மத்தியானம், பாத்திரம் கழுவி ஓய்ந்த பிறகு, பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். காகிதத்தில் முதல் வரியாக உங்கள் பெயரை எழுதுங்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்பதெல்லாம் நமக்குப் பெருமைதான், அது வீட்டுக்குள்ளே இருக்கட்டும். செய்யும் தொழிலுக்குச் சொந்தப் பெயர் வேண்டும். அடுத்த வரி என்ன எழுதினீர்கள், எந்த இடத்தில் தடங்கியது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாலு பேர் கேட்கிற சந்தேகத்தை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.